பினாங்கு வடகரையில் முதல் பாய்மரப் பயணம்

பத்து பெரிங்கி சாலையில் மேற்கே போகும்போது வலப்பக்கம் கடல் கூடவே வரும். வளைவுக்கு வளைவு பாறை, இடையில் ஒரு துண்டு மணல், மறுபடி பாறை. தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் நகர்வதைக் கண்டு, "நாமும் ஒருநாள் இப்படிப் போகணும்" என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரினாவிலிருந்து மூக்கா ஹெட் முனை வரை ஏறக்குறைய 8 கடல்மைல். சிறிய படகு மணிக்கு 4 கடல்மைல் போனாலே இரண்டு மணி நேரம்தான். தூரம் பெரிதில்லை. ஆனால் வடக்கே திறந்து கிடக்கும் கரை அது. மலை நேராகக் கடலில் இறங்குகிறது, கருங்கல் பாறைகள் நீருக்கு மேலேயும் கீழேயும் இருக்கின்றன.

இரண்டு விஷயம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று, 24 முதல் 28 அடி நீளத்துக்குள், கீல் (அடியில் நீருக்குள் நீளும் கனமான துடுப்பு) வைத்த படகு, சொந்தமாகவோ நண்பருடையதாகவோ. இரண்டு, டேக் அடிக்க (படகின் முன்பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்கே திருப்ப), ஜைப் பண்ண (பின்பக்கத்தைத் திருப்ப), பாயை இறக்கத் தெரியும் அளவுக்குப் பயிற்சி. இது இல்லாதவர்கள் முதலில் அனுபவசாலி ஒருவர் படகில் நாலைந்து முறை கூடப் போய்க் கயிறு இழுத்துவிட்டு வாருங்கள். இங்கே ஆள் தேடிக்கொண்டிருக்கும் படகுக்காரர்கள் எப்போதும் உண்டு. நவம்பரில் ராஜா மூடா சிலாங்கூர் ரெகாட்டா போட்டிப் படகுகள் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகும். அந்தச் சமயத்தில் துறைப் பக்கம் போய்ப் பேச்சுக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கரை சேர்வது

தமிழில் ஒருவன் தப்பிப் பிழைத்தால் "கரை சேர்ந்தான்" என்கிறோம். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும் கரை சேர்த்தாயிற்று, கடன் அடைந்தாலும் கரையேறியாயிற்று. இந்தப் பழக்கத்தை மரினாவிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கீல் படகுக்கு ஆழமான தண்ணீரில் ஆபத்து குறைவு. அது உடைவது கரையில்தான்.

எனக்கு இது புரிந்தது முதல் வருஷத்திலேயே. தஞ்சோங் பூங்கா பக்கம், படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று கரையை ஒட்டிப் போனேன். காற்று விழுந்தது. சரி, எஞ்சின் இருக்கிறதே என்று முடுக்கினேன். இரண்டு நிமிஷம் ஓடி, சூடேறி, கத்திவிட்டு நின்றது. குளிர்விக்கும் நீர் உள்ளே போகும் ஓட்டையை ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கடல் காற்று மெதுவாக எழுந்து, பாய் இறக்கிய படகைப் பாறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. நங்கூரம் போடலாம் என்று லாக்கரைத் திறந்தால், மூன்று ஃபெண்டர் (படகு உரசாமல் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தை), ஒரு பழைய கேன்வாஸ், மீன்பிடித் தூண்டில் இவற்றுக்கெல்லாம் அடியில் கிடக்கிறது. சங்கிலி தூண்டில் நரம்பில் சிக்கிக்கொண்டது. கத்தியால் அறுத்துத் தூக்கிப் போட்டபோது பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம். நங்கூரம் பிடித்தது. அதற்குப் பிறகு நான் கரையிலிருந்து ஒரு கடல்மைல் தள்ளித்தான் போகிறேன். படம் அவ்வளவு நன்றாக வருவதில்லை.

முந்தைய நாள் இரவு

பயணத்தில் பாதி சாப்பாட்டு மேஜையில் முடிந்துவிட வேண்டும். முதலில் நாள் பார்ப்பது. நல்ல நாள் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இதற்கு நன்றாகவே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் வற்றமும் அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு. தெலுக் பாஹாங்கில் மாசி மகத்துக்கு மிதக்கும் தேர் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நிலா முழுசாக இருக்கும். அழகான இரவுதான், அதை ஒட்டிய நாட்கள் முதல் பயணத்துக்கு வேண்டாம். வளர்பிறையோ தேய்பிறையோ, அஷ்டமிப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் அஷ்டமியில் எதுவும் தொடங்க மாட்டார்கள், கடலில் இடம் நிறைய இருக்கும்.

அப்புறம் நீர்மட்டம். கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் வெளியிடும் ஓத அட்டவணையில் பினாங்குக்கு ஒவ்வொரு நாளும் உயர்நீர், தாழ்நீர் நேரமும் உயரமும் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதற்குப் பன்னிரண்டில் பங்கு போடும் கணக்கு போதும். ஏறும் ஆறு மணி நேரத்தில் 1, 2, 3, 3, 2, 1 என்று பங்கு. காலை 6 மணிக்குத் தாழ்நீர் 0.4 மீட்டர், 12 மணிக்கு உயர்நீர் 2.8 மீட்டர் என்று வையுங்கள். வித்தியாசம் 2.4, ஒரு பங்கு 20 சென்டிமீட்டர். 7 மணிக்கு 0.6, 8 மணிக்கு 1.0, 9 மணிக்கு 1.6, 10 மணிக்கு 2.2. முதல் மணியில் ஒரு சாண் அளவுக்குத்தான் ஏறும், மூன்றாவது நான்காவது மணியில் பாய்ந்து ஏறும். நீரோட்டம் வேகமாக இருப்பதும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

இந்த உயரத்தைக் கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வரைபட ஆழம் ஏறக்குறைய மிகத் தாழ்ந்த நீருக்கானது. மரினா வாயில் எந்த நேரத்தில் உங்கள் கீலுக்குத் தண்ணீர் போதும் என்று மரினா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வண்டல் படியும் இடம், போன வருஷக் கணக்கு இந்த வருஷம் உதவாது. வரைபடமும் புதியதாக இருக்கட்டும். கர்னி, தஞ்சோங் தோக்கோங் கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் காண்டோமினியம் கட்டும் இடத்தில் போய் நிற்பீர்கள்.

கடைசியாக வானிலை. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலியில் பலத்த காற்று, இடிமழை எச்சரிக்கை வரும். இரவு ஒருமுறை, எழுந்தவுடன் ஒருமுறை பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் படகைக் கழுவிவிட்டு, தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

ஜனவரியிலிருந்து மார்ச் வரை புதியவர்களுக்கு நல்ல காலம். மழை குறைவு. ஆனால் சில நாள் வாடைக்காற்று காலையிலேயே வடக்கிலிருந்து வலுவாக வீசி அலையை நேராகக் கரைமேல் தள்ளும். அன்றைக்கு வெளியே போனால் நனைவதைத் தவிர லாபமில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் புயல்காற்றுக் காலம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

சாதாரண நாளில் இந்தக் கரைக்கு ஒரு தினசரிப் பழக்கம் உண்டு. விடியற்காலையில் மலையிலிருந்து கடலை நோக்கி லேசான நிலக்காற்று. ஒன்பது பத்து மணிக்கு அது ஓய்ந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று எழுந்து கரையை நோக்கி வீசும். சாயங்காலம் மலைமேல் மேகம் கட்டி இடி. ஆகவே 7 மணிக்குக் கிளம்பி நிலக்காற்றில் மேற்கே போய், மதியம் கடல்காற்றில் திரும்பி, 4 மணிக்குள் கட்டிவிடுவதுதான் நல்லது. காலையில் நிலக்காற்று கரையிலிருந்து உங்களை விலக்கும். மதியம் கடல்காற்று கரைமேல் தள்ளும். ஒரே கரை, நேரத்துக்கு நேரம் குணம் மாறும். காலையில் பாதுகாப்பாக இருந்த தூரம் திரும்பும்போது போதாது.

கட்டை அவிழ்ப்பதற்கு முன்

எல்லாவற்றையும் சரிபார்க்கும் நீண்ட பட்டியல் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்கும். நான் அழுத்திச் சொல்வது கொஞ்சம்தான். நங்கூரம் அணியத்தில் (படகின் முன்முனையில்), ஊசியை இழுத்தால் விழும் நிலையில் இருக்கட்டும், லாக்கரில் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது வெளியேற்றும் குழாயில் தண்ணீர் தள்ளுகிறதா என்று எட்டிப் பாருங்கள். கூர்மையான கத்தி ஒன்று கைக்கு எட்டும் இடத்தில். மிதவைச் சட்டை எல்லார் உடம்பிலும், வாரை இறுக்கி. உட்காரும் மெத்தைக்கு அடியில் இருப்பது மிதவைச் சட்டை இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். நாசி லெமாக் பொட்டலம் நல்ல சாப்பாடுதான், ஆனால் சம்பலைப் பாதியோடு நிறுத்துங்கள். குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய்.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். "அஞ்சு மணிக்குள் போன் வரலைன்னா 999-க்குக் கூப்பிடு" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடல்சார் அமலாக்க முகமைக்கும் அதே எண்தான். படகில் விஎச்எஃப் ரேடியோ 16-ஆம் சேனலில் திறந்தே இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மூன்று தடவை மேடே, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் நம் படகின் பெயரே மறந்துபோகும். படகின் உரிமம், காப்புறுதி போன்றவற்றை ஜாபாத்தான் லாவுட்டில் (கடல்துறை அலுவலகத்தில்) முன்பே கேட்டு முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போகும் வழி

மரினாவை விட்டு வெளியே வந்ததும் மேற்கே திரும்பத் தோன்றும். திரும்பாதீர்கள். முதலில் வடக்கே போய்க் கரையிலிருந்து விலகி ஆழமான தண்ணீருக்கு வந்துவிடுங்கள். வலப்பக்கம் பட்டர்வொர்த் சரக்கு முனையத்துக்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைக்கும் வரும் கப்பல்களின் வழி இருக்கிறது. பாய்மரத்துக்குத்தான் முன்னுரிமை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இங்கே காட்ட முடியாது. குறுகிய கால்வாயில் பெரிய கப்பலுக்கு நாம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதே சட்டம். அவற்றால் சட்டென்று நிற்கவும் முடியாது. மிதவைகளைப் பொறுத்தவரை, துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடக்கை, பச்சை வலக்கை. அமெரிக்கக் காணொளி பார்த்துக் கற்றவர்கள் இதைத் தலைகீழாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அடுத்து இடப்பக்கம் புலாவ் தீக்குஸ் பாறைத்தீவு. நகரத்தில் அதே பெயரில் இருக்கும் பேட்டைக்குப் பெயர் கொடுத்த தீவு இது. அதற்கும் கரைக்கும் நடுவே போகலாம்போலத் தெரியும். வேண்டாம், வடக்கே சுற்றிப் போங்கள்.

அங்கிருந்து பத்து பெரிங்கி வரை பாய் இறுக்காமல் நிம்மதியாகப் போகலாம். ஆனால் கண் தண்ணீரில் இருக்க வேண்டும். மூங்கில் கம்பில் கறுப்புத் துணியோ பழைய டீ-ஷர்ட்டோ கட்டி மிதக்கும், அது வலையின் ஒரு முனை. கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் வலை இருக்கிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் சரி, நடுவே புகாதீர்கள். கீலிலோ சுக்கானிலோ மாட்டினால் எஞ்சினை உடனே நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பாயை இறக்கி, அமைதியாக விடுவியுங்கள். வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். சட்டமும் அதுதான், அவர்கள் பிழைப்பும் அதுதான். பக்கத்தில் போனால் கையைத் தூக்குங்கள், படகில் இருக்கும் மலாய்ப் பெரியவர் எந்தப் பக்கம் போகலாம் என்று தாடையாலேயே காட்டிவிடுவார். இந்த வலைகளில் பலவற்றுக்கு இரவில் விளக்கு கிடையாது. அதனால் முதல் வருஷம் இருட்டில் ஓட்டவே வேண்டாம்.

பத்து பெரிங்கி கடற்கரைக்கு நேரே பாராசெயில் படகுகளும் ஜெட்ஸ்கிகளும் கணக்கில்லாமல் சுற்றும். ஒரு கடல்மைல் தள்ளி இருக்க இதுவும் ஒரு காரணம்.

மலை மறைக்கும் வானம்

சுமத்ராப் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும். மேற்கு அடிவானத்தில் வில்போல வளைந்த கருமேகம், அதன் அடியில் சாம்பல் திரைபோல மழை. முதலில் ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் படும், அடுத்த சில நிமிஷத்தில் காற்று 40 நாட் (மணிக்கு 40 கடல்மைல்) வேகத்தையும் தொடலாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துபோய்விடும்.

திறந்த கடலில் இது வருவது கண்ணுக்குத் தெரியும். வடகரையில்தான் சிக்கல். கரையை ஒட்டிப் போகிறவனுக்குத் தெற்கே மலை, மேற்கே மூக்கா ஹெட் முனை. மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். வெளியே தள்ளிப் போகிறவனுக்கு முனையைத் தாண்டி மேற்கு வானம் திறந்திருக்கும், அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அங்கிள் இதற்காகவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பார்: "தம்பி, மேற்கே என்ன நிறம்?" நான் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பாய் எங்கேயும் ஓடாது தம்பி, வானத்தைப் பாரு" என்பார்.

மேகத்தைக் கண்டதும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் ஜிப்பை (முன்பாயை) முழுக்கச் சுருட்டி, கயிற்றை இரண்டு சுற்றுக் கூடுதலாகக் கட்டுங்கள். மெயினை (பெரிய பாயை) இறக்கி பூமோடு (அதன் அடிக்கட்டையோடு) சேர்த்துக் கட்டுங்கள். எஞ்சினை ஓட விடுங்கள். இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்துத் தாளில் குறியுங்கள். மழை வந்தால் அணியமே சரியாகத் தெரியாது. பிறகு படகின் மூக்கை வடக்கே, கடலை நோக்கித் திருப்பி, காற்று வந்ததும் காற்றுக்கு நேரே வைத்து மெதுவாக நகருங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஊதுகுழல். எல்லாரும் உட்கார்ந்திருக்கட்டும். அந்த நேரத்தில் மரினாவுக்கு ஓடிவிடலாம் என்ற ஆசை வரும். பலத்த காற்றில் குறுகிய வாய்க்குள் நுழைய முயல்வதைவிடத் தொப்பலாக நனைந்துகொண்டு வெளியே நிற்பது மேல்.

புயல்காற்று இல்லாத நாளிலும் பாயைக் குறைக்கத் தெரிய வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை தெரிந்தால் காற்று 10 நாட் வேகத்துக்குள். எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 15-ஐத் தாண்டப் போகிறது, முதல் ரீஃப் போடுங்கள், அதாவது பாயின் அடியை மடித்துக் கட்டி அளவைக் குறையுங்கள். இங்கே கடல் ஆழமில்லாததால் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மலையைத் தாண்டி விழும் காற்று ஒரு நிமிஷம் இல்லாமல் இருந்து, அடுத்த நிமிஷம் பக்கவாட்டில் அறையும். ஷீட்டை (பாயை இழுக்கும் கயிற்றை) பூட்டி வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெலுக் டுயோங்கில் நங்கூரம்

மங்கி பீச் என்று எல்லாரும் சொல்லும் தெலுக் டுயோங் விரிகுடா முனைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மேலே, கடலிலிருந்து 242 மீட்டர் உயரத்தில், 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் காற்றுக்கு நல்ல மறைவு. வடக்கிலிருந்து வந்தால் மறைவே இல்லை, அன்று நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

எவ்வளவு சங்கிலி விடுவது? உயர்நீரில் இருக்கப்போகும் ஆழத்தையும் அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். இப்போது 4 மீட்டர் ஆழம், இன்னும் 2 மீட்டர் ஏறும், அணியம் 1 மீட்டர். மொத்தம் 7, ஐந்து மடங்கு 35 மீட்டர். கயிறு என்றால் ஏழு மடங்கு. காற்றுக்கு நேரே வந்து, படகு நின்று பின்னால் போகத் தொடங்கும்போது இறக்குங்கள், குவியலாகக் கொட்டாதீர்கள். பிறகு எஞ்சினை மெதுவாகப் பின்னுக்கு ஓட்டி, சங்கிலியில் கையை வையுங்கள். பிடித்திருந்தால் கை அமைதியாக இருக்கும். தரையில் இழுபட்டால் கல்மேல் வண்டி போவதுபோல அதிரும். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் குறித்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மறுபடி போட வேண்டும், சோம்பல்பட முடியாது.

கரையில் இறங்கினால் அது 2003 முதல் தேசியப் பூங்கா. தெலுக் பாஹாங் அலுவலகத்தில் முன்பே விசாரித்துவிடுங்கள். ஜெல்லிமீன் உண்டு, நீந்த நினைத்தால் யோசியுங்கள். சாப்பாட்டைப் படகிலேயே விடுங்கள். குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும்.

முனையைச் சுற்றிப் பந்தாய் கெராச்சுட் போக ஆசையாக இருக்கும். ஆமைகள் முட்டையிடும் கடற்கரை, அழகானது. ஆனால் முனையில் நீரோட்டமும் இரண்டு திசை அலையும் மோதிக்கொள்ளும். அந்தப் பக்கம் போனால் மலை நடுவில் நிற்பதால் ஜார்ஜ்டவுன் பக்கத்துக்கு விஎச்எஃப் எட்டுவது சந்தேகம். ஐந்தாறு பயணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

திரும்புவது

கடல்காற்று எழுந்த பிறகு நங்கூரம் தூக்குங்கள், ஆனால் 1 மணிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். காற்றே வராவிட்டால் எஞ்சினில் வருவது வெட்கமில்லை. வரும்போதும் முதலில் வடக்கே, பிறகு கிழக்கே. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பூம் தானாக ஜைப் ஆகி மண்டையில் அடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. பூமை ஒரு கயிற்றால் முன்னுக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள்.

மரினா வாய்க்கு வெளியே, விசாலமான இடத்திலேயே பாயை இறக்கி, ஃபெண்டர்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, கட்டும் கயிறுகளைத் தயாராக வைத்த பிறகு உள்ளே நுழையுங்கள். கட்டியதும் கரையில் சொல்லி வைத்தவருக்குப் போன் பண்ணுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். கர்னி டிரைவில் பசெம்பூர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி 999-இல் என் படகின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.